சிறுவயதில் பார்த்த வைகையும் இன்று நாம் கேட்கும் வைகையும்

தென்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஆரப்பாளையத்துக்கும் சிம்மக்கல்லுக்கும் இடையே ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் பிறந்து, ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக அதே தெருவில் வாழ்ந்துவருகிறேன். சென்ற மாதம் என் மகளுடன் வைகைத் தென்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது எங்களுக்குள் எழுந்த கருத்து வேறுபாடுதான் இந்த உரையாடல் இழையைத் தொடங்கக் காரணம். இரு கரையிலும் எழுப்பப்பட்டிருக்கும் கான்கிரீட் சுவரையும் அதை ஒட்டிச் செல்லும் சாலையையும் பார்த்துவிட்டு, "இப்போதுதான் ஆறு பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கிறது" என்று அவள் சொன்னாள். எனக்கோ அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அவள் அக்கறையில்லாத பெண் அல்லள். வீட்டில் குப்பையைப் பிரித்துப் போடும் பழக்கத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அப்படியிருந்தும், ஒரே இடத்தில் நின்று பார்த்த எங்கள் இருவருக்கும் தெரிந்தது ஒரே ஆறு அல்ல என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

என் சிறுவயதில், அதாவது 1970களின் பிற்பகுதியில், கோடையில் ஆற்றில் தண்ணீர் ஓடாது. ஆனாலும் ஆறு வறண்டுவிட்டது என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதலில் வரும் கலங்கல் நீரைக் கொட்டாங்குச்சியால் இறைத்து ஊற்றிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், அடியில் கிடக்கும் மணல் தெரியும் அளவுக்கு நீர் தெளிந்துவிடும். இன்னொருவன் தோண்டிய ஊற்றுக்கு மிக அருகில் தோண்டினால் இரண்டிலும் நீர் குறையும் என்பதும், ஒரு நாள் மழை பெய்தால் மறுநாள் எந்த ஆழத்தில் ஈரம் தட்டும் என்பதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தன. ஆகவே எனக்கு ஆறு என்பது மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீர். மேலே ஓடுவது அதன் ஒரு பருவத் தோற்றம் மட்டுமே.

என் மகள் பிறந்தது 1996இல். அவள் ஓடி விளையாடும் வயதை எட்டுவதற்குள் எங்கள் பகுதியில் மணல் அள்ளப்பட்டு, களிமண்ணும் சீமைக்கருவேலமும் கழிவுநீர்க் குட்டைகளும்தான் மிஞ்சியிருந்தன. தண்ணீர் ஓடாத நாளில் அவள் கண்ணுக்கு அது ஆறாகத் தெரிந்ததே இல்லை. பராமரிப்பில்லாத ஒரு காலியிடமாகத்தான் தெரிந்தது. காலியிடத்துக்கு வேலி போட்டு, பக்கத்தில் சாலை அமைத்தால் அது முன்னேற்றம்தானே? அவளுடைய நியாயம் எனக்குப் புரிகிறது.

என் ஐயம் இதுதான். "ஆற்றைச் சீரமைக்க வேண்டும்" என்ற சொற்றொடரை நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறோம். ஆனால் சீரமைத்த பிறகு அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் மனத்தில் வரைந்துவைத்திருக்கும் படம், அவரவர் பத்து வயதுக்குள் எதைப் பார்த்தார், எதைத் தொட்டார் என்பதிலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அனுபவத்தில் இது சரிதானா?

செல்லூர் ஆசிரியை:

தங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன், ஐயா. நான் வடகரையில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, "வைகை ஆற்றை வரையுங்கள்" என்று பிள்ளைகளிடம் தாள் கொடுத்தேன். பெரும்பாலோர் இரண்டு மலைகள், நடுவில் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் நீல நிற ஆறு, ஓரத்தில் தென்னைமரம் என்று வரைந்தார்கள். அது பாடப்புத்தகத்தில் எந்த ஆற்றுக்கும் போடக்கூடிய படம். அடுத்ததாக மிகுதியாக வந்தது அழகர் ஆற்றில் இறங்கும் காட்சி: குதிரை வாகனம், கூட்டம், இடுப்பளவு தண்ணீர். ஒரு மாணவன் மட்டும் பாலத்தை வரைந்துவிட்டு அதன் கீழே வெள்ளைத்தாளை அப்படியே விட்டிருந்தான். ஏன் என்று கேட்டபோது, "பேருந்தில் போகும்போது பாலத்தின் சுவர்தான் தெரியும் டீச்சர், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது" என்றான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து வரும் நான்கைந்து பிள்ளைகள் வரைந்தவை முற்றிலும் வேறாக இருந்தன. எருமைகள், துணி காயப்போட்டிருக்கும் கொடி, கழிவுநீர் வந்து விழும் குழாய், அதன் அருகில் நிற்கும் கொக்கு என்று உண்மையான வைகை அவர்களுடைய தாள்களில்தான் இருந்தது. எந்த வாய்க்கால் எந்த இடத்தில் ஆற்றில் சேர்கிறது என்பதை அவர்களால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. படங்களைச் சுவரில் ஒட்டியபோது அந்தப் பிள்ளைகளில் இருவர் தங்கள் படத்தை ஒட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆற்றை நன்கு அறிந்திருப்பது அவர்களுக்கு வெட்கத்துக்குரிய ஒன்றாகிவிட்டது.

மடைவாய்:

நான் நீர்வளப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையின் உணர்வை மதிக்கிறேன். ஆயினும் அதன் முடிவோடு உடன்பட இயலவில்லை. ஓர் ஆற்றை எப்படி நிர்வகிப்பது என்பதை நினைவுகளிடம் கேட்டு முடிவு செய்யக் கூடாது. அளவீடுகளிடம்தான் கேட்க வேண்டும். நினைவு தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளும். 1970களின் ஊற்றை நினைவில் வைத்திருக்கும் பலர், 1993இல் வெள்ளம் வந்து கரையோரக் குடிசைகளை வாரிக்கொண்டு போனதை அதே அழுத்தத்துடன் பேசுவதில்லை. வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று கரையோர மக்களுக்கு அறிவிக்கும் நடைமுறை இருப்பது எதற்காக? ஆண்டில் முந்நூறு நாள் மணலாகக் கிடக்கும் அதே ஆறு சில நாள்களில் உயிரைப் பறிக்கும் என்பதால்தான்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். நகருக்குள் தண்ணீர் ஓடாமல் இருப்பதற்கு நகரவாசிகளின் அலட்சியம் மட்டும் காரணமல்ல. 1959இல் அணை பயன்பாட்டுக்கு வந்த பிறகு ஆற்றின் ஓட்டம் திறப்பு அட்டவணைக்கு உட்பட்டது. அணைக்குக் கீழே பேரணை என்னும் இடத்திலேயே பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிந்து பாசனத்துக்குப் போய்விடுகிறது. அணை தண்ணீரை மட்டும் தடுப்பதில்லை, மேலிருந்து வரும் மணலையும் தடுக்கிறது. ஆகையால் நகருக்குள் அள்ளிய மணலுக்கு ஈடாகப் புதிய மணல் வந்து சேர்வது மிக மிகக் குறைவு. தென்கரையான் அவர்களின் ஊற்று திரும்ப வர வேண்டும் என்று ஆசைப்படலாம். அதற்கான மணல் எங்கிருந்து வரும்?

மேலும், நகருக்குள் தடுப்பணை கட்டி நீரைத் தேக்கி அழகு பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். நகருக்குள் தேங்கும் ஒவ்வொரு கன அடியும் கீழே மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும், அதற்கும் கீழே இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும் போய்ச் சேராத தண்ணீர்.

தென்கரையான்:

மடைவாய் ஐயா, மணலைப் பற்றித் தாங்கள் சொன்னது எனக்குக் கசந்தாலும் அதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கேள்வி மட்டும். தாங்கள் பிறந்து வளர்ந்த ஊர் எது?

மடைவாய்:

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கண்மாய்க்கரைச் சிற்றூர். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. மறைக்க விரும்பவில்லை. பெரிய கண்மாய்க்கு வைகைத் தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்த இரவில் என் தந்தை எங்களை எழுப்பி மடைக்கு அழைத்துப் போனார். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நுரையும் சருகுமாக நீர் வந்த காட்சியை நான் மறக்கவில்லை. பல ஆண்டுகளில் அது வரவே இல்லை. கடைமடையில் வளர்ந்தவனுக்கு ஆறு என்பது வந்து சேர வேண்டிய ஒன்று. நடுவில் யார் அதை நிறுத்தினாலும் கோபம் வரும். தடுப்பணை பற்றிய என் கருத்தில் அளவீடு எவ்வளவு, அந்த இரவு எவ்வளவு என்று நான் இதுவரை யோசித்ததில்லை. இருந்தாலும் கடைமடைக்காரரின் உரிமை வெறும் நினைவு அல்ல என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

வெள்ளாவி:

நான் மதிச்சியத்தில் வளர்ந்தவள். எங்கள் குடும்பத்துக்குச் சலவைதான் தொழில். இங்கே ஆற்றைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அதை விளையாடிய இடமாகவோ காத்திருந்த தண்ணீராகவோ பேசுகிறீர்கள். எங்களுக்கு அது வேலை செய்யும் இடம். விடியுமுன் மூட்டையைச் சுமந்து இறங்கி, ஊற்றுத் தோண்டி, உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து, மணலில் துணியை விரித்துக் காயவைத்து, மாலையில் மடித்துக் கட்டி எடுத்துப்போக வேண்டும். மணல் எவ்வளவு சுடும் என்பதை என் பாதங்கள் இன்றும் மறக்கவில்லை.

எல்லாப் படித்துறைகளும் எல்லோருக்கும் திறந்திருந்தன என்ற எண்ணத்தில் யாரும் பழைய வைகையைப் போற்ற வேண்டாம். எங்கே யார் இறங்கலாம், யாருக்குக் கீழே யார் குளிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்ததாக என் பாட்டி சொல்வார். என் காலத்தில் அது வெளிப்படையாக இல்லாவிட்டாலும், எங்கள் பிள்ளைகள் எந்தப் பக்கம் போகக் கூடாது என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு மேல், பெண்பிள்ளைகளுக்கு ஆறு என்பது அவர்கள் பெரியவளாகும்வரைதான். அதன் பிறகு விளையாடப் போக முடியாது. ஆனால் வீட்டில் கழிப்பறை இல்லாததால் இருட்டில் ஒதுங்குவதற்கு அதே ஆற்றுக்குத்தான் போக வேண்டும். அந்த அச்சத்தோடு சேர்ந்ததுதான் என் சிறுவயது வைகை.

ஆகவே தென்கரையான் அவர்களின் மகள் சொன்னதை நான் குறையாகப் பார்க்கவில்லை. கரைச்சாலையில் விளக்கு எரிகிறது, இரவு எட்டு மணிக்கும் பெண்கள் நடந்து போகிறார்கள். அது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அதே வேளையில் அந்தச் சுவரில் இறங்குவதற்கு வழி விடாமல் கட்டிய இடங்களைப் பார்க்கும்போது, எங்கள் தொழிலையும் எங்கள் மாடுகளையும் ஆற்றிலிருந்து துண்டித்துவிட்டார்கள் என்ற கோபமும் வருகிறது. இரண்டும் என்னுள் ஒன்றாகவே இருக்கின்றன. எனக்கு விளக்கும் வேண்டும், படியும் வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

சுற்றுச்சூழல் உளவியலில் முதுகலை ஆய்வு செய்யும் மாணவன் நான். தென்கரையான் அவர்கள் கேட்ட கேள்வியை ஆய்வாளர்கள் வெவ்வேறு கோணங்களில் கேட்டிருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு தலைமுறை மீன்வள அறிஞரும் தாம் பணியைத் தொடங்கியபோது கடலில் இருந்த மீன்வளத்தையே இயல்பான அளவாக எடுத்துக்கொள்கிறார். அடுத்தவர் அதைவிடக் குறைந்ததை இயல்பென்று கொள்கிறார். இப்படி அளவுகோல் நகர்ந்துகொண்டே போவதால் இழப்பின் முழு அளவு யாருக்கும் தெரிவதில்லை என்பது அவர் வாதம். அதே 1990களில் உளவியலாளர் பீட்டர் கான் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஏழ்மையான பகுதியொன்றில் வாழ்ந்த சிறுவர்களிடம் பேசினார். காற்று மாசு, நீர் மாசு என்றால் என்ன என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தாங்கள் வாழும் இடமே மாசடைந்திருக்கிறது என்று சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. பிறந்ததிலிருந்து பார்த்ததே அதுதான் என்னும்போது ஒப்பிடுவதற்கு வேறு எதுவும் இருப்பதில்லை. இதைத் தலைமுறை மறதி என்று அவர் விளக்கினார். ஆசிரியை அவர்களின் வகுப்பில் வெள்ளைத்தாளை விட்ட மாணவன் எனக்கு உடனே நினைவுக்கு வந்தான்.

நான்சி வெல்ஸ், கிறிஸ்டி லெக்கீஸ் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்க நகரங்களில் வாழும் ஏறத்தாழ 2,000 பெரியவர்களிடம் கேட்டு, பதினொரு வயதுக்கு முன் காட்டில் அலைவது, மீன் பிடிப்பது போன்ற கட்டற்ற அனுபவம் பெற்றவர்கள் பிற்காலத்தில் இயற்கை மீது கூடுதல் அக்கறை காட்டுவதைக் கண்டார்கள். பூப் பறித்தல், செடி நடுதல் போன்றவற்றுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது வலுக் குறைந்தது. என்னை யோசிக்க வைத்தது, சுற்றுச்சூழல் கல்வி வகுப்புகளுக்கு அந்த அளவு தொடர்பு தென்படவில்லை என்பதே.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெரியவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்கும் ஆய்வுகளில், இன்று ஆற்றை நேசிப்பவர் அன்றும் நேசித்ததாக நினைவைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. மேலும், காட்டுக்குள் முகாமிட்டுத் தங்கிய அமெரிக்கச் சிறுவனின் அனுபவத்தை வெள்ளாவி அம்மா எழுதிய அனுபவத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. உழைப்பாகவும் அச்சமாகவும் இயற்கையைச் சந்தித்தவர்களைப் பற்றி அந்த ஆய்வுகள் குறைவாகவே பேசுகின்றன.

அடையாற்றுக்கரை:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். அச்சம் என்ற சொல் வந்ததால் எங்கள் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட நீரும் வழியெங்கும் கொட்டிய மழையும் சேர்ந்து அடையாற்றில் வந்தபோது எங்கள் தரைத்தளம் முழுவதும் மூழ்கியது. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. மொட்டைமாடியில் இரண்டு நாள் இருந்தோம். இன்று அவன் கல்லூரி போகும் வயதினன். ஆற்றோரம் பூங்கா, நடைபாதை என்று எதைக் காட்டினாலும் அவன் கேட்பது, கரை எவ்வளவு உயரம் என்பதை மட்டும்தான். நான் அடையாற்று முகத்துவாரத்தில் மணல்திட்டில் நடந்து வளர்ந்தவன். எனக்கு அந்த வெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றின் மீது வெறுப்பு வரவில்லை. எனக்கு முன்பே ஓர் ஆறு இருந்தது. அவனுக்கு அந்த இரவுதான் முதல் ஆறு.

இங்கே கரையிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளையும் நினைக்கிறேன். அவர்களுக்கு அடையாறும் கூவமும் எவ்வளவு நாறினாலும் வீட்டின் பின்வாசல். ஆறுகளின் எதிர்காலம் பற்றிய கூட்டங்களில் அவர்களிடம் யார் கேட்பார்கள்?

தென்கரையான்:

வெள்ளாவி அம்மா, தங்கள் பதிவைப் படித்த பிறகு என் முதல் பதிவை மீண்டும் படித்தேன். நாங்கள் ஊற்றுத் தோண்டி விளையாடிய மணலில் சற்றுத் தள்ளி வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்ததை நான் இன்றும் காண முடிகிறது. ஆனால் அங்கே நின்றவர்களின் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை. அதை எழுதாமல் விட்டது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். மன்னிக்கவும்.

ஏட்டுச்சுவடி தம்பி சொன்ன அளவுகோல் நகர்வதைப் பற்றி ஒன்று. நான் இழந்துவிட்டதாக வருந்தும் வைகைகூட முழுமையான வைகை அல்ல. என் தந்தை 1930களில் பிறந்தவர். ஆற்றைப் பற்றிப் பேசும்போது அவர் எப்போதும், "தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கேட்பார். என் வயதினர், "தண்ணீர் திறந்துவிட்டார்களா?" என்று கேட்போம். அணை வந்த பிறகு பிறந்தவர்களின் வாயில் ஆறு தானாக வருவதை நிறுத்திவிட்டது. என் மகள் இந்த இரண்டில் எதையும் கேட்பதில்லை. பாலத்தில் போக்குவரத்து நெரிசல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறாள். ஓபுளா படித்துறை என்றால் அவளுக்கு ஒரு பேருந்து நிறுத்தம்.

அயிரை மீனைச் சொல்ல மறந்துவிட்டேன். ஓடும் தெளிந்த நீரில், மணல் தரையில் துண்டை விரித்துப் பிடிப்போம். இன்று மதுரையில் அயிரை மீன் குழம்பு என்று பலகை வைத்த உணவகங்கள் பல இருக்கின்றன. அந்த மீன் கால்களுக்கிடையே ஓடுவது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

செல்லூர் ஆசிரியை:

சித்திரைத் திருவிழாவுக்காக அணையிலிருந்து நீர் திறக்கும் அந்தச் சில நாள்களைச் சிலர் வெறும் சடங்கு என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என் மாணவர்களில் பலர் வாழ்நாளில் வைகைத் தண்ணீரைக் காலால் தொட்ட ஒரே நாள் அதுதான். தந்தையின் தோளில் உட்கார்ந்து அழகரைப் பார்த்த பிள்ளைக்கு ஆறு என்றால் மகிழ்ச்சி என்ற எண்ணமாவது மிஞ்சுகிறது. ஆனால் மறுவாரம் அதே இடத்தில் ஆகாயத்தாமரையும் கழிவுநீரும் தேங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே ஆறு என்று அவர்கள் இணைத்துப் பார்ப்பதில்லை. இணைத்துப் பார்க்க யாராவது உடனிருக்க வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்துக்குச் சில ஆண்டுகளாகப் பனையூர்க் கால்வாய் வழியே மீண்டும் வைகைத் தண்ணீர் வருகிறதல்லவா? சென்ற ஆண்டு பிள்ளைகளைக் குளத்தைக் காட்ட மட்டும் அழைத்துப் போகாமல், நீர் வந்து விழும் வாய் வரை அழைத்துப் போய், அங்கிருந்து கால்வாயைப் பின்தொடர்ந்து ஆற்றை நோக்கி நடக்கவைத்தேன். பாதி வழியில் ஒரு சிறுமி, "அப்படியென்றால் குளத்தில் இருப்பதும் ஆறுதானா டீச்சர்?" என்று கேட்டாள். ஆண்டு முழுவதும் நான் நடத்திய பாடத்தில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட எழவில்லை.

இவ்வளவு பேசிய பிறகு ஒரு வேண்டுகோள். நகருக்கு மேற்கே சோழவந்தான் பக்கம் ஆற்றில் இன்னும் மணல் மிஞ்சியிருக்கும் இடங்கள் உண்டு. பெற்றோர் ஒப்புதலுடன் இருபது பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துப் போக நினைக்கிறேன். ஊற்றுத் தோண்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் வேண்டும். கரையோரக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகளை முன்னால் நடக்கவைத்து, ஆற்றில் பார்ப்பவற்றை மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுக்கும்படி செய்யலாமா என்றும் எண்ணுகிறேன்.

வெள்ளாவி:

நானும் வருகிறேன், டீச்சர். ஊற்றுத் தோண்டத் தெரிந்த பெரியவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லையே. பெண்பிள்ளைகளும் தோண்ட வேண்டும், கரையில் நின்று பார்க்க மட்டும் கூடாது. என் பேத்தி நான்காம் வகுப்பு, அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மடைவாய்:

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை அணையின் நீர் திறப்பு நிலவரத்தைக் கேட்டு நான் இங்கே எழுதுகிறேன். திறப்பு அறிவிப்பு இருந்தால் யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது, பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். பழைய மணல் குழிகள் இருக்கும் இடங்களுக்குப் பிள்ளைகளை விடக் கூடாது. முன்னதாகவே போய் இடத்தைப் பார்த்துக் கயிறு கட்டி எல்லை குறித்துவைக்கிறேன். முழங்கை ஆழத்தில் நீர் வராது என்பது என் கணிப்பு. அளக்க ஒரு கோலும் கொண்டுவருகிறேன்; எந்த ஆழத்தில் ஈரம் தட்டுகிறது என்பதைப் பிள்ளைகளே ஏட்டில் குறிக்கட்டும். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே இடத்தில் மீண்டும் தோண்டி ஒப்பிடலாம்.

தென்கரையான்:

கொட்டாங்குச்சிகளை நான் கொண்டுவருகிறேன். மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.